ஏழாம் நம்பர் பஸ்ஸில் நான் எடுத்த படம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பஸ் ஆயாக்களிடம் வந்து பேசச் சொல்லி டிரான்ஸ்போர்ட் ஆபீஸிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். எனக்குப் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பதினாலு வருஷம் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், அது வேறு. முழங்கால் தேய்ந்து வேலையை விட்டபோது எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். அன்றைக்கும் ஒரு வார்த்தை பேசாமல்தான் வீட்டுக்கு வந்தேன். அதனால் எழுதித் தருகிறேன். படித்தது பத்தாவது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை எண்ணி ஏற்றுவது, எண்ணி இறக்குவது, கதவுப் பக்கம் நிற்க விடாமல் பார்ப்பது, இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் அதைச் சொல்லப் போவதில்லை. நான் எடுத்த ஒரு போட்டோவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

போட்டோ எடுக்கும் பழக்கம் நமக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த புதிதில் டிரைவர் பிரேக் போட்டதில் ஒரு எல்.கே.ஜி. பையன் முன்கம்பியில் மோதி உதடு கிழிந்துவிட்டது. அவனுடைய அப்பா, நான்தான் அறைந்தேன் என்று பள்ளிக்கூட வாசலில் நின்று சத்தம் போட்டார். நான் அழுதேனே தவிர, வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எனக்கு முன்னால் இருபது வருஷம் வேலை பார்த்த ஒரு ஆயா இருந்தார். அவர் அன்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நம்ம வாய்க்கு இங்க மதிப்புக் கெடையாது புள்ள. பஸ்ஸுக்குள்ள எது நடந்தாலும் ஒரு போட்டோ எடுத்து சாருக்கு அனுப்பி வச்சுரு. நாளைக்கி ஒன்னையக் கேக்க மாட்டாங்க, போட்டோவப் பாப்பாங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் அப்படியே செய்தேன். ஒருவன் விழுந்தால் ஒரு போட்டோ. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் ஒரு போட்டோ. யாராவது வாந்தி எடுத்தால், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ. எல்லாம் டிரான்ஸ்போர்ட் சாருடைய நம்பருக்குப் போகும். இப்போது உங்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

என் பஸ் திருமயத்தைச் சுற்றி இருக்கிற ஊர்களுக்குப் போய்வரும் ஏழாம் நம்பர். அதில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாதி வழியில் ஏறுவாள். பெயர் சொல்ல மாட்டேன். அவள் பெயர் சுற்றினது போதும். அப்பா கொத்தனார், அம்மா ஆடு வளர்க்கிறார். வீட்டில் இருப்பது ஒரு பட்டன் போன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஒருநாள் காலையில் அவள் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தாள். டீசல் வாடை வேறு. ஜன்னல் சீட்டு கேட்டாள். சின்னப் பிள்ளைகள் இருந்ததால் நான் கொடுக்கவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டியதும் சட்டையெல்லாம் வாந்தி எடுத்து, கண் செருகி, வாய் திறந்தபடி சீட்டில் சாய்ந்துவிட்டாள். நான் இடது கையால் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே வலது கையால் போட்டோ எடுத்தேன். அனுப்பினேன். அமுக்குகிற நேரம் பார்த்து பஸ் ஒரு குழியில் ஏறி இறங்கியது. என் போனில் சாருடைய பெயருக்கு நேர் கீழே எங்கள் பஸ்ஸின் பெற்றோர் குரூப். படம் குரூப்புக்குப் போய்விட்டது.

நாலு நிமிஷம் கழித்துத்தான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இறங்கியதும் டிரைவர் தம்பியிடம் போனை நீட்டினேன். அவர் என்னமோ அமுக்கினார்.

"எல்லாருக்கும் அழிச்சாச்சுக்கா. விடுங்க."

"ஆரும் பாத்திருப்பாங்களா தம்பி?"

"காலையில ஆருக்கா போனப் பாக்குறா, அவங்கவங்க சோறு கட்டுற அவசரத்துல இருப்பாங்க. போய் டீயக் குடிங்க."

மத்தியானம் டிரான்ஸ்போர்ட் சார், குரூப்பில் என்ன அழித்தீர்கள் என்று கேட்டார். கை தவறி வந்துவிட்டது சார் என்றேன். அத்தோடு விட்டுவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

நாம் அழித்தாலும் சில போன்களில் படம் தானாக இறங்கி கேலரியில் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், எங்கள் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காருகிறவன், அன்று சாயங்காலம் அவன் அம்மா போனில் அதைப் பார்த்திருக்கிறான். அவள் முகத்தை மட்டும் வெட்டி, கீழே 'குட் மார்னிங்' என்று எழுதி ஸ்டிக்கராகச் செய்துவிட்டான். ஒரு வாரத்தில் அது எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, டியூஷன் குரூப், எல்லா இடத்துக்கும் போய்விட்டது. பிள்ளைகளுக்குச் சொந்த போன் கிடையாது. அம்மா போன், அக்கா போன், துபாயிலிருந்து மாமா வாங்கி வந்து வீட்டில் கிடக்கும் போன். அதில்தான் எல்லாம்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவள் பஸ்ஸில் ஏறும்போது பின்சீட்டிலிருந்து பாலிதீன் கவரைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தார்கள்.

"கவரு வேணுமா, கவரு! ரெண்டு ரூவா!"

"டேய் ஜன்னலச் சாத்துடா, மழ வரப்போகுது!"

பஸ்ஸே சிரிக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட, என்னவென்று தெரியாமலே சிரிக்கும். நான் "சும்மா இருங்கடா" என்பேன். ஒருநாள் நான் குரூப்பில் 'பஸ் பத்து நிமிஷம் லேட்' என்று போட்டதற்கு யாரோ ஒருவர் வீட்டு போனிலிருந்து அந்த ஸ்டிக்கர் பதிலாக வந்தது. அதற்கு இரண்டு பெற்றோர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். பெரியவர்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 'இது ஒரு பிள்ளையின் முகம்' என்று எழுதினேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டேன்.

அவளை முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். பாதுகாப்பு என்று நினைத்தேன். நீங்களும் நினைப்பீர்கள். ஆனால் அவளை அடித்தது பஸ்ஸுக்குள் இருந்தவர்களின் கை இல்லை, போனில் சுற்றின அந்தப் படம். முன்சீட்டில் வைத்ததும் 'ஆயாம்மா பொண்ணு' என்று இன்னொரு பெயர் சேர்ந்தது. அவள் தோழி ஒருத்தி இருந்தாள், அவளும் கூட உட்கார முடியாமல் போனாள். இருந்த ஒரு துணையையும் நான் பிரித்துவிட்டேன். பிறகு அவள் காலையில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வாந்தி வராது என்று என்னிடம் சொன்னாள். அதை ஒரு கணக்குப் பாடம் போலச் சொன்னாள்.

அவளுடைய கிளாஸ் டீச்சர்தான் கண்டுபிடித்து ஹெச்.எம். சாரிடம் கொண்டுபோனார். விசாரணை நடந்தது. அந்தப் பெண்ணிடம் யார் எடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு எப்படித் தெரியும், அன்று கண் செருகிக் கிடந்தவள். ஸ்டிக்கர் செய்தவன்தான் எடுத்திருப்பான் என்று அவன் பெயரைச் சொன்னாள். அவன், ஸ்டிக்கர் செய்தது நான்தான், போட்டோ குரூப்பில் வந்தது என்றான். ஒரிஜினலைக் காட்டு என்றால் பயத்தில் அவனே அழித்துவிட்டிருந்தான். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஹெச்.எம். சார் கேட்டார். "பஸ்ல இவன் போன் வச்சிருந்தானா? நீங்க பாத்தீங்களா?"

"தெரியல சார்."

"குரூப்ல போட்டோ வந்துச்சுங்கிறான். அப்புடி ஏதாச்சும் வந்துச்சா?"

பையன் என்னைப் பார்த்தான். டிரான்ஸ்போர்ட் சார் மேஜைக்குப் பக்கத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்" என்றேன்.

இரண்டே சொல். எனக்கு வேலை போய்விடும் என்று பயம் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம், அத்தனை பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்பது. அந்தப் பெண்ணை ஊரே பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தப் பயம்.

பையனை ஒரு வாரம் பள்ளிக்கு வர வேண்டாம் என்றார்கள். அவன் அப்பா பெல்ட்டால் அடித்தார் என்று டிரைவர் தம்பி சொன்னார். அவன் திரும்பி வந்தபோது முன்பிருந்த விளையாட்டு இல்லை, வன்மம் இருந்தது. செய்த குற்றத்துக்கு மட்டும் தண்டித்திருந்தால் அவன் அடங்கியிருப்பான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். செய்யாததையும் சேர்த்துக் கட்டினார்கள். அவள் பொய் சொல்லி மாட்டிவிட்டாள் என்று நம்பினான். அவனும் கூட்டாளிகளும் இன்ஸ்டாவில் அவள் பெயரிலேயே ஒரு பக்கம் தொடங்கி, தினமும் அந்த முகத்தை ஒவ்வொரு உடம்பில் ஒட்டிப் போட்டார்கள். மாடு, குப்பை வண்டி, கல்யாணப் பெண். மேலே 'பொய்யி' என்று தலைப்பு. வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்தார்களாம். என் ஒரு பொய்யை அவள் தலையில் எழுதி ஒட்டினார்கள்.

கார்த்திகை மாத மழை பெய்து ஓய்ந்த சமயம். ஒருநாள் சாயங்காலம் பஸ் திரும்பி வரும்போது அவள் எழுந்து வந்து, "ஆயாம்மா, என்னையக் கம்மா விலக்குல எறக்கி விடுறீங்களா? அத்த வீட்டுக்குப் போகணும். அம்மாவுக்குத் தெரியும்" என்றாள்.

மெயின் ரோட்டிலிருந்து கண்மாய்ப் பக்கம் பாதை பிரிகிற இடம் அது. வேறு நிறுத்தத்தில் இறக்க வேண்டும் என்றால் வீட்டிலிருந்து போன் வர வேண்டும். அது விதி. உங்களுக்கும் அதுதான். ஆனால் எனக்கு அவளிடம் ஒரு கடன் இருந்தது போல ஒரு உறுத்தல். அவள் கேட்கிற ஒன்றையாவது கொடுக்கலாமே என்று தோன்றியது. குற்ற உணர்ச்சியில் காட்டுகிற இரக்கத்தை நம்பாதீர்கள். நான் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினேன். அவள் இறங்கினாள்.

பஸ் நகர்ந்து கொஞ்ச தூரம் போயிருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு காம்பஸ் பாக்ஸைத் தூக்கிக் காட்டினாள்.

"ஆயாம்மா, இது இனிமே என்னோடது. அக்கா குடுத்துட்டாங்க."

"எதுக்குடி குடுத்தா?"

"தேவப்படாதாம். வச்சுக்கடின்னாங்க."

நான் டிரைவர் தம்பியைப் பார்த்தேன். "தம்பி, அந்த விலக்குல அங்கிட்டு ஆரு வீடு இருக்கு?"

"வீடா? வெறுங் கம்மாதான்க்கா. ஏன்?"

"நிறுத்துங்க."

"அக்கா, இன்னும் இருபது புள்ளைங்க இருக்கு. நீங்க எறங்கிட்டா ஆரு ரோட்டக் கடத்தி விடுறது? எனக்குல்ல கேள்வி வரும்."

அவர் சொன்னதும் சரிதான். பிள்ளைகள் இருக்கும்போது ஆயா பஸ்ஸை விட்டு இறங்கக் கூடாது. அதுவும் விதி. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் உடைக்கக் கூடாத விதியை உடைத்தேன், இப்போது உடைக்க வேண்டிய விதி முன்னால் நின்றது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எந்தப் புத்தகத்திலும் வழி இல்லை. எந்தப் பிள்ளைக்கு இப்போது ஆள் இல்லை என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மிச்ச இருபது பேருக்கு டிரைவர் இருக்கிறார்.

கடைசி சீட்டுப் பையன் எழுந்து நடுவில் வந்து நின்றான். பஸ்ஸில் அவன்தான் பெரியவன். அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

"என்னாச்சு ஆயாம்மா?"

"சின்னப் புள்ளைகளக் கையப் புடிச்சு ரோட்டத் தாண்டி விடுவியா?"

தலையை ஆட்டினான். நான் இறங்கினேன். முழங்கால் அப்போதே தகராறு. ஓடவும் முடியவில்லை, நடக்கவும் மனசு விடவில்லை.

கண்மாய் நிரம்பிக் கிடந்தது. மடைக்கு இறங்குகிற படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஷூவைக் கழற்றி, சாக்ஸை உள்ளே சுருட்டி வைத்து, ஜோடியாக வைத்திருந்தாள். அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு படி கீழே போய் உட்கார்ந்தேன்.

"பஸ்ஸு போயிருச்சா?" என்றாள்.

"போயிருச்சு ஆத்தா."

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"காலு வலிச்சுச்சு. அதான் எறங்கிட்டேன்."

லேசாகச் சிரித்தாள். "காலு வலிச்சா எறங்கியா நடப்பாங்க? ஒங்களுக்குப் பொய் சொல்லவே வரல ஆயாம்மா."

நான் முழங்காலைத் தேய்த்துவிட்டேன். அவள் அடுத்ததாகக் கேட்டாள்.

"ஒங்க போன்ல அந்தப் போட்டோ இருக்கா?"

"எதுக்கு?"

"நான் பாத்ததே இல்ல. எல்லாரும் பாத்துட்டாங்க. எங்க வீட்ல பட்டன் போன்தான். ஆருகிட்டயும் காட்டுங்கன்னு கேக்கவும் முடியல. எப்புடி இருந்தேன்னே தெரியாம..." என்று நிறுத்தினாள். "ஒரே ஒரு தடவ காட்டுங்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நேரத்தில் காட்டலாமா என்று பலர் பிறகு என்னிடம் கேட்டார்கள். டாக்டர் ஒருவரும் கேட்டார், அப்படிச் செய்யக் கூடாது என்று சொன்னார். எனக்கு அந்தப் படிப்பு இல்லை. ஊரெல்லாம் பார்த்ததை அவள் ஒருத்திக்கு மறைக்க எனக்கு மனசு வரவில்லை. குரூப்பில்தான் அழித்தோம், என் போன் கேலரியில் அது அப்படியே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

வெகுநேரம் பார்த்தாள். அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். முகத்தை இல்லை, ஓரத்தை. ஸ்டிக்கரில் வெட்டிப்போட்ட ஓரம். அங்கே பாட்டிலை நீட்டிக்கொண்டு வளையல் போட்ட ஒரு கை.

"இது ஒங்க வளவி."

"ஆமா."

"அப்ப... நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா ஆத்தா. நான்தான் எடுத்தேன். சாருக்கு அனுப்பப் போயி குரூப்புல போட்டுட்டேன்."

"அவன் எடுக்கலயா?"

"எடுக்கல."

அப்போதுதான் அழுதாள். "நான்தானே அவன் எடுத்தான்னு ஹெச்செம் சார்ட்ட சொன்னேன். அப்ப நான் பொய்தானே சொல்லியிருக்கேன். அவங்க போடுறது நெசந்தானே."

என்னை ஏசுவாள் என்றிருந்தேன். அவள் தன்னையே ஏசிக்கொண்டாள். "நீ பொய் சொல்லல ஆத்தா, தெரியாமச் சொன்ன. தெரிஞ்சு சொன்னது நான்" என்றேன். காதில் விழுந்ததா தெரியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஷூவை மாட்டிக்கொண்டாள். அவள் ஊருக்கு நடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். தெரு முனையில் நின்று, திரும்பாமலே கேட்டாள்.

"நாளைக்கிச் சொல்லிருவீங்களா?"

"சொல்லிருவேன்."

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அவள் அம்மாவிடம், பிள்ளை கண்மாய்ப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள், இன்றைக்கு அவளைத் தனியாக விடாதீர்கள், பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கிளாஸ் டீச்சருக்கும் அங்கிருந்தே போன் செய்தேன். டீச்சர் மறுநாள் வந்து, தாயையும் பிள்ளையையும் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இதை மட்டும் சரியாகச் செய்தேன். போட்டோ விஷயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. அன்றைக்கு அது முக்கியம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஹெச்.எம். சார் அறைக்கு ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய், நின்றபடியே வாசித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா என்னம்மா?" என்றார். பையனையும் அவன் அப்பாவையும் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவன் அந்த இன்ஸ்டா பக்கத்தை எடுத்துவிட்டான். பிரேயரில் எல்லார் முன்னாலும் அறிவிக்க வேண்டும் என்று டீச்சர் கேட்டார். பள்ளிக்கூடத்துப் பெயர் கெட்டுவிடும், வேண்டாம் என்றுவிட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை. ஸ்டிக்கர் நிற்கவில்லை. ஒரு வருஷம் கழித்து வேறு ரூட்டுப் பிள்ளைகள் அதை அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது யார் முகம் என்று அவர்களுக்குத் தெரியாது.

அவள் திரும்பப் பள்ளிக்கு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அவள் அம்மா மட்டும் டி.சி. வாங்க வந்தார். இந்த வருஷம் அவள் வேறு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகப் போவதில்லை, மீமிசலில் சித்தி வீட்டில் இருக்கிறாள் என்றார். போன் மணி அடித்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாளாம். பள்ளிக்கூட வாசல் நிழலில் டவுன் பஸ்ஸுக்காக நின்றோம். டி.சி.யை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் செருகி வைத்திருந்தார்.

"நீங்கதான் அன்னைக்கி எம்புள்ளையக் கூட்டியாந்து சேத்தீங்க. நல்லா இருக்கணும் நீங்க" என்றார். "அந்தப் போட்டோவ எடுத்த கையி வெளங்காமப் போகணும். ஆருன்னு சொல்ல மாட்டேங்குறா பாவி மக. அவன் இல்லைங்குறா. வேற ஆருடின்னா வாயவே தொறக்க மாட்டேங்குறா."

இதைத்தான் உங்களிடம் சொல்ல இவ்வளவு எழுதினேன். எனக்கு அந்த இடத்தில் ஒன்றும் சொல்லாமல் இருக்க வழி இருந்தது. பஸ் வருகிற சத்தம்கூடக் கேட்டது.

"நான்தாங்க எடுத்தேன்" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். நான் மறுபடியும் சொன்னேன். எப்படி நடந்தது என்பதையும், ஹெச்.எம். சாரிடம் இல்லை என்று சொன்னதையும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. வாசல் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். கம்மாக்கரையிலயே சொல்லிட்டேன்."

"தெரிஞ்சும் ஒங்களக் காட்டிக்குடுக்கலயா அவ?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவசரப்படுத்தினார். அந்த அம்மா படியில் ஒரு காலை வைத்தவர், திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான் அடிச்சுக் கேட்டேங்க. அப்பவும் சொல்லல."